ஸ்ட்ராங்லர்ஸ்: பழைய இசைத்தட்டா, 2001 சிடியா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஸ்ட்ராங்லர்ஸின் ஆல்பங்களைப் பழைய இசைத்தட்டாக வாங்குவதா, 2001-இல் மறுவெளியீடாக வந்த சிடியாக வாங்குவதா? அவர்களின் 1978 ஆல்பமான ‘பிளாக் அண்ட் ஒயிட்’டையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம்பப் பிரதிகளோடு 7 அங்குல வெள்ளை இசைத்தட்டு ஒன்று இலவசமாக வந்தது. பழைய பிரதி வாங்கும்போது உறைக்குள் கைவிட்டுப் பாருங்கள். அந்தச் சின்னத் தட்டு இல்லையென்றால் முழு விலை கொடுக்காதீர்கள்.

2001 சிடியில் அந்தப் பாடல்களும் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. கீறல் பயமும் இல்லை. கேட்க மட்டும் என்றால் அதுவே போதும்.

ஆனாலும் என் ஓட்டு இசைத்தட்டுக்குத்தான். இந்த ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்குப் பெயர் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளைப் பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் கறுப்புப் பக்கத்தின் இருட்டு முழுசாகப் பிடிபடும். சிடியில் இரண்டும் ஒரே மூச்சில் ஓடிவிடுகின்றன.