மல்டி கெட்டில்: ராமநாதபுரம் கடலோரத்து மாணவர் அறைக்குப் போதுமா?

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் எனக் கல்லூரி உள்ள ஊர்களில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் முதலில் வாங்கும் சமையல் சாமான் பெரும்பாலும் எலெக்ட்ரிக் கெட்டில்தான். கேஸ் அடுப்பென்றால் வீட்டுக்காரர் தயங்குவார். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அதற்கேற்ற பாத்திரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்த மதிப்புரை வெந்நீர்க் கெட்டிலைப் பற்றியதல்ல. 1.3 லிட்டர் கொள்ளளவு, 300 வாட்டுக்கும் 600 வாட்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச், எவர்சில்வர் உட்பாத்திரம், கண்ணாடி மூடி, ஓர் ஆவித் தட்டு என்ற அமைப்பில் வரும் மல்டி கெட்டிலைப் பற்றியது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் பல கம்பெனிகள் இதே அமைப்பில் விற்கின்றன. கஞ்சி, பயறு, ஆவியில் வேகும் பண்டம் மூன்றுக்கும் இது நன்றாக உழைக்கும். தாளிப்புக்குச் சுமார். மூன்று பேருக்குச் சோறாக்க லாயக்கில்லை.

வெந்நீர்க் கெட்டில் கொதி வந்ததும் தானாக அணைந்துவிடும். அதில் அரிசி வேகாது. மல்டி கெட்டிலில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த வகை ஒன்றும் உண்டு. அது சூடேறி அணைந்து, ஆறியபின் மறுபடி பற்றும். அப்படி விட்டுவிட்டுக் கொதித்தால் கஞ்சி ஒரு நிமிடம் பொங்கும், அடுத்த நிமிடம் அடங்கும். இரண்டு சுவிட்ச் வகையில் 300 வாட்டில் போட்டால் மெல்லிய கொதி ஒரே சீராக நிற்கும். சமையலுக்கு வேண்டியது அதுதான். கடையில் பெட்டியைப் பிரித்து இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள்.

பிளக் விஷயமும் முக்கியம். 600 வாட் என்றால் ஏறத்தாழ 2.6 ஆம்பியர், பழைய வீடுகளில் உள்ள 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்கும். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதே பாயின்ட்டில் செருகினால் சாக்கெட் கருகும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகவே கூடாது. எர்த் இல்லாமல் எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டுச் சமைப்பது ஆபத்து. கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் வார்டனிடம் கேட்டுவிட்டு வாங்கவும்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் கெட்டிலைக் கெடுப்பதும் சமையலைக் கெடுப்பதும் அதுதான். போர் தண்ணீரில் உப்போடு கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். பயற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை அவை இறுக்கிவிடும். அதனால்தான் ஒரு மணி நேரம் கொதித்தாலும் பருப்பு மலராமல் கல் போல் கிடக்கிறது. ஊறவைப்பது, வேகவைப்பது இரண்டையும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். போர் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும் போதும். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்புப் படிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் படலம் சூட்டைத் தடுக்கும். கொதி வர நேரமாகும், அடிபிடிக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட்டோ இரண்டு எலுமிச்சையின் சாறோ சேர்த்துக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் அப்படியே வைத்து ஊற்றினால் படலம் கழன்று வரும். மாதம் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலில் உப்பு தங்கி எவர்சில்வரே புள்ளி புள்ளியாக அரித்துப்போகும்.

இந்தக் கெட்டிலுக்கென்றே பிறந்த சாப்பாடு நோன்புக் கஞ்சிதான். ரமலானில் கீழக்கரைப் பள்ளிவாசல்களில் அண்டாவில் காய்ச்சுவதன் எளிய, கறி சேர்க்காத வடிவம் இது. 200 மில்லி டம்ளரில் கால் டம்ளர் நொய், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, கால் டீஸ்பூன் வெந்தயம் மூன்றையும் கழுவி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கெட்டிலில் 600 மில்லி தண்ணீர், நாலு பல் பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஆறு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு சின்னத் துண்டு பட்டை. 600 வாட்டில் ஆறேழு நிமிடத்தில் கொதிக்கும். கொதித்ததும் ஊறியதைப் போட்டு 300 வாட்டுக்கு மாற்றுங்கள். மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் பாசிப்பருப்பின் நுரை பொங்கி வழிந்து அடித்தட்டின் மின் இணைப்பில் இறங்கும். கெட்டில் பழுதாக இந்த வழிதலே போதும். 1.3 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் கஞ்சிக்கு 900 மில்லிதான் எல்லை.

இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நொய் கரைந்து குழையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவ வேண்டும். சூடேறும் வட்டம் பாத்திரத்தின் நடுவில் இருப்பதால் முதலில் பிடிப்பது அங்கேதான். வெந்தபின் உப்பு, சுவிட்சை அணைத்தபின் அரை டம்ளர் தேங்காய்ப்பால், புதினா, மல்லி. கொதிக்கும்போதே பாலை ஊற்றினால் திரிந்துவிடும். இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடாகத் தாராளமாக வரும். கரண்ட் செலவு கால் யூனிட்டைத் தொடாது. மீந்ததைக் காலைக்கு என்று கெட்டிலிலேயே மூடி வைக்க வேண்டாம். நம்மூர்ப் புழுக்கத்தில் தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் விளையும் குதிரைவாலிக்கும் கெட்டில் ஒத்துப்போகும். அரை டம்ளர் குதிரைவாலி, இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, அரை மணி ஊறல், இரண்டு டம்ளர் தண்ணீர், அரை டீஸ்பூன் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, அதே அளவு சீரகம். கொதி வந்ததும் 300 வாட்டில் பதினைந்து நிமிடம், அணைத்து மூடி பத்து நிமிடம். பொங்கல் பதம் வந்துவிடும். அரிசிப் பொங்கல்போல் இதை வைத்திருந்து சாப்பிட முடியாது, ஆறினால் விறைத்துப்போகும். டிபன் பாக்ஸில் கொண்டுபோவதென்றால் கால் டம்ளர் தண்ணீர் கூடுதலாக வையுங்கள்.

கேழ்வரகு மாவுக் கஞ்சியில் தவறு ஒரே இடத்தில்தான் நடக்கும்: கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டுவது. மூன்று மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் கொதிநீரில் துழாவிக்கொண்டே ஊற்றி, 300 வாட்டில் எட்டு நிமிடம். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை எடுக்காதீர்கள். திறந்த கொதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதற்குள் தண்ணீர் வற்றிக் கெட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பாசிப்பயறும் தட்டைப்பயறும் போதும். அரை டம்ளர் பயறு, எட்டு மணி நேர ஊறல். வெயில் காலத்தில் பத்து மணி நேரம் தாண்டினால் நுரைத்துப் புளிக்கும். பாசிப்பயறு 300 வாட்டில் இருபது நிமிடம், தட்டைப்பயறு முப்பத்தைந்து நிமிடம். தக்காளி, புளி, மாங்காய் எதுவானாலும் பயறு மலர்ந்தபிறகு. புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தோல் இறுகிவிடும். 50 கிராம் காய்ந்த பாசிப்பயற்றில் 12 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, இரண்டு முட்டைக்குச் சமம். மாலை ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பஜ்ஜியைத் தேடும் பசியை இது அடக்கும்.

சுண்டலைத் தாளிக்கும்போது கவனம் வேண்டும். 600 வாட்டில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒரு நிமிடத்துக்குள் புகைந்து, அடியில் பழுப்பு வளையம் போடும். அந்தக் கறை எளிதில் போகாது. ஈரமில்லாமல் துடைத்து, 300 வாட்டில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, கிள்ளிய முண்டு வத்தல் (குண்டு மிளகாய் வற்றல்) ஒன்று, கறிவேப்பிலை. கடுகு வெடித்த கணத்தில் பயற்றைக் கொட்டிவிடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் முண்டு வத்தலுக்குத் தோல் தடிமன். கிள்ளிப் போட்டால்தான் மணம் எண்ணெயில் இறங்கும், முழுசாகப் போட்டால் உப்பி நிற்கும். வெங்காயம் வதக்கி மசாலா வறுக்கும் வேலைக்கெல்லாம் இந்தக் கெட்டிலை நம்ப வேண்டாம்.

ஆவித் தட்டு பிளாஸ்டிக்கில் வந்தால் ஒதுக்கிவிட்டு, உள்ளே பொருந்தும் சிறு எவர்சில்வர் தட்டு ஒன்றை சிறு ஸ்டாண்டோடு பாத்திரக் கடையில் வாங்குவதே மேல். ஆவிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 600 வாட்டில் நிமிடத்துக்குப் பதினைந்து மில்லி வரை ஆவியாகப் போகும். 200 மில்லி ஊற்றினால் கால் மணி நேரத்தில் வறண்டுவிடலாம். 350 மில்லி ஊற்றி, ஆவி வந்ததும் 300 வாட்டுக்கு இறக்குங்கள். முட்டை பன்னிரண்டு நிமிடம். சிவப்பரிசிப் புட்டு மாவு என்றால் ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய அரை டம்ளர் உப்புத்தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர்வதுதான் பதம். துணி விரித்துப் பத்து நிமிடம். கூட ஒரு வாழைப்பழம் இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

கடற்கரையில் இருந்துகொண்டு மீனை விடலாமா? சாளையும் சூடையும் விலை குறைந்தவை, முள் மெல்லியவை, சீக்கிரம் வேகும். நாலு மீனைச் செதில் போக்கிக் குடல் எடுத்துக் கழுவி இரண்டிரண்டாகக் கீறுங்கள். வெந்நீரில் ஊறிய முண்டு வத்தல் மூன்று, சின்ன வெங்காயம் நாலு, கோலிக்குண்டு அளவு புளி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு எல்லாவற்றையும் இடிகல்லில் நசுக்கிப் பூசி, கால் மணி ஊறவைத்து, வாட்டிய வாழையிலையில் மடித்து ஆவியில் பதினைந்து நிமிடம். எண்ணெயே வேண்டாம். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மீனை மறுநாளுக்கு வைப்பது வேண்டாத வேலை. எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவிட்டால் வாடை போகும். மூடியின் ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றிக் கழுவாவிட்டால் மறுநாள் டீயிலும் மீன் வீசும். கருவாட்டை மட்டும் இதில் சமைக்க வேண்டாம். உப்பும் வாடையும் பாத்திரத்தைவிட்டுப் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டையும் பயறும்தான் கைகொடுக்கும்.

நூடுல்ஸுக்காகவே இதை வாங்குகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். மசாலா பாக்கெட்டை முழுதாகக் கொட்டினால் அதில் கணிசமான பங்கு ஒரே வேளையில் போய்விடும். பாதி மசாலா, ஒரு முட்டை, ஒரு பிடி முருங்கைக்கீரை என்று மாற்றினால் பரவாயில்லை.

ராத்திரி படிக்கும்போது கொறிக்கக் கருப்பட்டி உருண்டை. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி 100 கிராமைத் தட்டி, நாலு மேசைக்கரண்டி தண்ணீரோடு 300 வாட்டில் கரையுங்கள். மணலும் நாரும் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். மறுபடி ஊற்றிக் காய்ச்சி, இரண்டு விரலுக்கிடையே பிசுக்கென்று ஒட்டும்போது அணையுங்கள். கம்பிப் பதம்வரை போனால் உருண்டை பல்லை உடைக்கும். இதில் 150 கிராம் பொட்டுக்கடலை மாவு, ஒன்றிரண்டாக இடித்த வறுத்த நிலக்கடலை 100 கிராம், வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி. கை பொறுக்கும் சூட்டில் பிடித்தால் எலுமிச்சை அளவில் பதினைந்து உருண்டைக்குக் குறையாது. கடல் காற்றின் ஈரத்தைக் கருப்பட்டி இழுக்கும். எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். கருப்பட்டியும் இனிப்புதான், நாளுக்கு இரண்டு உருண்டை போதும்.

உப்புக்காற்றில் கெட்டிலின் ஆயுள் அடித்தட்டைப் பொறுத்தது. பித்தளை முனைகளில் பச்சை பூக்கும், கைப்பிடித் திருகில் துரு ஏறும். தினமும் காய்ந்த துணியால் துடைத்து, சாம்பார், ரசம் எதையும் இரவு முழுக்க உள்ளே விடாமல் இருந்தால் போதும். 304 (துருவை நன்றாகத் தாங்கும் தரம்) என்று முத்திரை குத்திய எவர்சில்வர் கிடைத்தால் நூறு, இருநூறு கூடக் கொடுத்து வாங்கலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது கெட்டிலைக் காயவைத்து, மூடியைத் தனியே எடுத்து, அடித்தட்டைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்.