கனவுக் குறிப்பு: நோட்டுப் புத்தகமா, கைப்பேசிக் குரல்பதிவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில், விடியுமுன் ரப்பர் மரம் சீவப் புறப்படும் வீடுகளில், கனவைக் குறித்து வைக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. விழிகள் விரைந்தசையும் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, இரவின் பிற்பகுதியில் நீள்கிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதே வருவதால், அதிகாலை அலாரம் பல நேரங்களில் கனவின் நடுவிலேயே நம்மை எழுப்பிவிடுகிறது. நினைவுகூர அது நல்ல வாய்ப்புதான். ஆனால் விளக்கைப் போட்டுப் பேனாவைத் தேடுவதற்குள் பாதி கலைந்துவிடும்.

இவ்விடத்தில் குரல்பதிவே மேல். கண்ணைத் திறக்காமல், படுத்த நிலை மாறாமல், “பால்மரக் காடு, வெள்ளம், தாத்தா சிரிக்கிறார்” என்று முணுமுணுத்தால் போதும். (ஒரே சுவரைப் பகிரும் லயத்து வீடுகளில் அதையும் தாழ்ந்த குரலில்தான் செய்ய வேண்டும்.) எனினும் பதிவுகள் குவியுமே தவிர, அவற்றைத் திரும்பக் கேட்பவர் அரிது.

நோட்டுப் புத்தகத்தின் பலம் அங்கேதான் உள்ளது. தேதி, சிறு தலைப்பு, எழும்போது இருந்த உணர்வு, முந்தைய நாள் நிகழ்ச்சி ஆகியவற்றுடன் கனவை நிகழ்காலத்தில் எழுதி வந்தால், பக்கங்களைப் புரட்டும்போது அதே வெள்ளம் மீண்டும் மீண்டும் வருவது கண்ணில் படும். என் தேர்வு நோட்டுதான். குரல்பதிவை அதற்கான கச்சாக் குறிப்பாக மட்டும் கொள்ளலாம். வேலை முடிந்து வந்ததும் அன்றே எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால், விடுபட்ட இடங்களை நினைவு தன் போக்கில் இட்டு நிரப்பிவிடும்.