மார்பகப் புற்றுநோய் மரபணுச் சோதனை: பாடம் கணினியிடம், பேச்சு யாரிடம்?

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய், "எனக்கும் வருமா?" என்று கேட்டு வருகிற பெண்ணுக்கு முதலில் கொஞ்சம் பாடம் எடுத்தாக வேண்டும். பழுதானால் இந்தப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் என்றால் என்ன, பெற்றோரில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தால் பிள்ளைக்கு வர ஏன் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மொத்த மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான் என்பதெல்லாம். இதை மரபணு ஆலோசகர், அதாவது பரம்பரை நோய் ஆபத்தையும் சோதனையையும் விளக்கி வழிகாட்டுபவர்தான் சொல்ல வேண்டுமா, கணினியில் ஓடும் பாடம் போதாதா?

அமெரிக்காவில் 6 மருத்துவ மையங்களில் 211 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2004இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு ஆலோசகர் மட்டும். இன்னொரு பிரிவுக்கு முதலில் கணினி, அப்புறம் ஆலோசகர். விஷயத்தைப் புரியவைப்பதில் கணினி சளைக்கவில்லை. மரபணுப் பழுது இருக்கும் வாய்ப்பு குறைவான பெண்களிடம் ஆலோசகரையே முந்திவிட்டது. எனக்கு இதில் வியப்பில்லை. புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், அசட்டுக் கேள்வியோ என்ற கூச்சமும் கிடையாது.

ஆனால் பதற்றத்தைத் தணிப்பதிலும், தன் ஆபத்து எவ்வளவு என்பதைச் சரியாக உணரவைப்பதிலும் ஆலோசகர் கை ஓங்கியது. அவர் குடும்ப வரைபடம் போடும்போது அப்பா வழியையும் விடாமல் துருவுவார். இதே பழுதால் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோய் அத்தைக்கு இருந்ததைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அம்மா வழியில்தான் வரும் என்ற நினைப்பு. சோதனைக்குப் பிறகு அவர் தேவை இன்னும் கூடுகிறது. பிஆர்சிஏ1 பழுது இருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதா, மார்பகத்தை அகற்றுவதா, தங்கையிடம் எப்படிச் சொல்வது? இதையெல்லாம் திரையோடு பேசித் தீர்க்க முடியாது. நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியாத மாற்றம் ஒன்று அறிக்கையில் வந்தால், அதை நம்பி அறுவைச் சிகிச்சைக்குப் போகக் கூடாது என்று தடுக்கவும் ஆள் வேண்டும்.

வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் சோதனை தனிக் கதை. அப்படிச் சோதனை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதலில் கொடுத்த அனுமதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஆர்சிஏ மாற்றங்களில் 3க்கு மட்டும்தான் இருந்தது. அவையும் கிழக்கு, மத்திய ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. மற்றவர்கள் 'இல்லை' என்ற முடிவைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு அதில் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் செய்தி பார்த்துப் பயந்து வருபவருக்குக் கணினியே போதும். மற்றவர்கள் கணினியில் பாடத்தை முடித்துவிட்டு வரட்டும். ஆலோசகரின் நேரம் முழுவதும் அவர்கள் குடும்பக் கதைக்கே கிடைக்கும்.