வெள்ளை டைமண்டும் தங்கக் கவசமும்: ஜூரேஞ்சர் டிவிடி தொகுப்பு

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு ஃபேன்சி டிரெஸ் தைத்துக் கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும் என் தொழில். திரையில் யார் வந்து நின்றாலும் எனக்கு முதலில் ஜிப் எங்கே, ஜாயின்ட் எங்கே என்றுதான் கண் போகும். 'க்யோர்யூ சென்டாய் ஜூரேஞ்சர்' 50 பாகங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்து முடித்தேன். கதை எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை.

ஜப்பானின் தோயே நிறுவனம் 1992-ல் எடுத்த தொடர் இது; டைனோசர் மாதிரியான பழங்கால விலங்குகளின் பெயரில் ஐந்து வீரர்கள், ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு விலங்கு. 1975-ல் 'கோரேஞ்சர்' ஆரம்பித்து வைத்த, 'சென்டாய்' என்று சொல்லப்படும் வண்ண அணி வரிசையில் 16-வது. இதன் சண்டைக் காட்சிகளை எடுத்துக்கொண்டு, முகம் தெரியும் காட்சிகளை அமெரிக்க நடிகர்களை வைத்துப் படம்பிடித்துச் சேர்த்ததுதான் 1993-ன் பவர் ரேஞ்சர்ஸ். ஆக, உடைகள் பலருக்கும் பழக்கமானவைதான். பிங்க்குக்குக் குட்டைப் பாவாடை உண்டு, மஞ்சளுக்கு ஏன் இல்லை என்று யோசித்தவர்களுக்கு விடை இங்கே கிடைக்கும்: அமெரிக்காவில் ட்ரினி என்ற பெண்ணாக வந்த மஞ்சள், ஜப்பானில் போயி என்ற பையன்.

தையல்காரியாக என்னை அசத்தியது நெஞ்சில் வரிசையாக ஓடும் வெள்ளை டைமண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் டைனோசரின் பல்வரிசை போலவே இருக்கிறது. இழுபடும் துணியில் இப்படி ஒரு டிசைனை வைத்துப் பாருங்கள், தெரியும் கஷ்டம். துணி இழுபட்டால் டைமண்ட் சப்பையாகிவிடும்; அளவு கொஞ்சம் லூஸாக இருந்தால் சுருங்கி நெளியும். ஐந்து பேருக்கும் உடம்பு வேறு வேறு, அதனால் ஒரே பேட்டர்னை வெட்டி ஐவருக்கும் தைக்க முடியாது. கையைத் தூக்கினாலும் குட்டிக்கரணம் அடித்தாலும் அந்த வரிசை பெரும்பாலும் நேராகவே நிற்கிறது. முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் சுருக்கம் தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும், உள்ளே மனிதர் இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருவோம். விலங்கு வாயைத் திறந்திருக்கும், அந்த வாய்க்குள்தான் கறுப்புக் கண்ணாடி. அதாவது டைனோசர் விழுங்கிய ஆள் உள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்! சிவப்பு டிரானோ (டிரனோசரஸ்), மஞ்சள் வாள்பல் புலி இரண்டும் பிரமாதம். கறுப்பு மாமத் மட்டும் எனக்கு ஒட்டவில்லை, யானை என்று யாராவது சொன்னால்தான் யானை. சென்டாய் தொடர்களில் நெருக்கக் காட்சிக்கு ஒரு ஹெல்மெட், சண்டைக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்வது வழக்கம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பளபளப்பிலேயே வித்தியாசம் பிடிபடும்.

பிறகு ஆறாவது ஆளாக, சிவப்பின் அண்ணன், பச்சை டிராகன் ரேஞ்சர் புராய் வருகிறான். தோளையும் நெஞ்சையும் மூடும் தங்கக் கவசம், அவ்வளவுதான் கூடுதல். ஆனால் அந்த ஒன்றிலேயே அண்ணன் யார் என்று தெரிந்துவிடுகிறது. பின்னால் அதே கவசத்தைச் சிவப்பு டிரானோ ரேஞ்சர் அணியும்போது அத்தனை எடுப்பாக இல்லை. சிவப்பும் தங்கமும் சேர்ந்தால் எனக்குக் கல்யாண மண்டபத்து மேடைதான் ஞாபகம் வருகிறது.

வில்லி பண்டோராவாக நடித்த மச்சிகோ சோகாவைத் தனியாகச் சொல்லவேண்டும். 1980-ல் 'டென்ஜிமேன்' தொடரில் ஹெட்ரியன் ராணியாக வந்தவரும் இவர்தான். கூம்பு கூம்பாக நிற்கும் தலையலங்காரமும் பெரிய காலருமாக அத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு கத்துகிறார், குதிக்கிறார். உடை நடிகையை விழுங்கவே இல்லை.

மற்ற சென்டாய் தொடர்களோடு வைத்துப் பார்த்தால்? 1995-ன் 'ஓரேஞ்சர்' ஹெல்மெட் கண்ணாடியையே நட்சத்திரம், முக்கோணம், சதுரம் என்று வெட்டிவிட்டது. கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தாலும் யார் யாரென்று தெரியும். 2009-ன் 'ஷிங்கெஞ்சர்' இன்னும் ஒரு படி மேலே போய் நெருப்பு, நீர், வானம், மரம், மண் என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்துகளையே கண்ணாடியாக்கியது. புத்திசாலித்தனத்தில் இரண்டும் ஜூரேஞ்சரைவிட மேல். ஆனால் கழுத்துக்குக் கீழே, தையலில், என் ஓட்டு ஜூரேஞ்சருக்கே. 1979-ன் 'பேட்டில் ஃபீவர் ஜே' தொடரில் மிஸ் அமெரிக்காவுக்குக் கொடுத்த பொன்னிற விக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தொகுப்பை ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் 2015-ல் அமெரிக்காவில் வெளியிட்டது. ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில், டப்பிங் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லவேண்டிவரும். ரீஜன் 1, அதாவது வட அமெரிக்க பிளேயர்களுக்கான டிஸ்க் என்பதால் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபிலிமில் எடுத்த தொடர், படத்தில் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். துணியின் நிறத்தை அது கெடுக்கவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று மாமத்துக்காக.