ஃப்ரீசரா, மின்விசிறியா? ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கும்போது

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஆச்சி, துண்டில் பொதிந்த ஹார்டு டிஸ்க்கை என் காரைக்குடிக் கடை மேசையில் வைத்தார். அறுபதாம் கல்யாணப் படங்கள், அப்பச்சி காலத்து இசைகுடிமானங்களின் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடுகள்) ஸ்கேன் எல்லாம் அதில்தான். மூல ஏடுகளைக் கரையான் தின்றாயிற்று. "ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் பேரன். வைக்கவா தம்பி?" என்றார். நல்ல வேளை, வைப்பதற்கு முன்பே கேட்டார்.

ஃப்ரீசர் வைத்தியம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. பழைய டிஸ்க்குகள் பலவற்றில், நிறுத்தியதும் வாசிக்கும் தலை, தகவல் பதிந்திருக்கும் சுழல் தட்டின் மேலேயே வந்து உட்காரும். சில நேரம் அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். குளிரில் விடுபட்டதும் உண்டு. இன்றைய டிஸ்க்குகளில் தலை தட்டைவிட்டு விலகி, ஓரத்துச் சரிவில் ஏறி நிற்கிறது. அந்த நோயே அரிதாகிவிட்டது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த மோர்ச் செம்பு சித்திரையில் எப்படி வியர்க்கிறதோ, அப்படியே டிஸ்க்கும் வியர்க்கும். காற்றழுத்தத்துக்காக அதில் ஒரு சிறு துளை உண்டு. ஈரம் உள்ளேயும் படியும். தட்டுக்கும் தலைக்கும் இடைவெளி சில நானோமீட்டர், தலைமயிர்த் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே நீர் படிந்தால் தட்டு கீறும். டிஸ்க்கைத் தட்டி எழுப்புவதும் இதே ரகம்தான், நான் செய்வதில்லை.

சர்க்யூட் போர்டு வேலை வேறு வகை. டிஸ்க் சுழலவே இல்லை, அதுவும் 12 வோல்ட் டிஸ்க்கில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைத் தவறிச் செருகிய பிறகு என்றால், முதலில் மல்டிமீட்டரை எடுப்பேன். மின் இணைப்புக்கு அருகே உள்ள காப்பு டையோடு ஷார்ட் ஆகியிருந்தால், அதை நீக்கிவிட்டுச் சரியான அடாப்டரில் நகல் எடுக்கும்வரை ஓட்டிப் பார்க்கலாம். போர்டையே மாற்றுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பெரும்பாலும் பழைய போர்டின் எட்டுக்கால் சில்லில் இருக்கும். அதையும் எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும்.

ஆச்சியின் டிஸ்க்குக்கு இரண்டும் தேவைப்படவில்லை. அது சீராகச் சுழன்றது, ‘டிக் டிக்’ ஓசை இல்லை. கோப்புறையைத் திறந்தால் உறைந்து நின்றது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையின் 197ஆம் எண் வரியில், படிக்க முடியாத செக்டார்களின் (தட்டிலுள்ள சிறு பதிவுக் கட்டங்கள்) கணக்கு ஏறிக்கொண்டே போனது. பிழை திருத்தட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. கூடவே கூடாது. அதற்கு விண்டோஸ் ஓட்டும் செக்டிஸ்க் நிரல் சரிசெய்வது கோப்பு அமைப்பை, டிஸ்க்கை அல்ல. அதற்காக நலிந்த டிஸ்க்கிலேயே எழுதும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலை ஓட்டினேன். என் கணிப்பில் வீட்டு முறைகளில் இதற்கு இணை இல்லை. சாதாரண நகல் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டதைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கட்டளையில் மூல டிஸ்க்கும் புது டிஸ்க்கும் இடம் மாறினால் இருப்பதும் அழியும். சீரியல் எண்களைத் தாளில் எழுதி, இரண்டு முறை ஒத்துப்பார்த்த பிறகே எண்டரை அழுத்துவேன்.

ஒரு மணி நேரத்தில் டிஸ்க் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டது. மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். குளிர்ச்சி என்றால் எனக்கு இந்த அளவுதான். பனி படியாது, சூடும் ஏறாது.

‘டிக் டிக்’ கேட்டிருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசியற்ற அறை உள்ள மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பேன். செலவு கனமானது, ஆனால் தலை உடைந்த டிஸ்க்குக்கு வேறு வழி இல்லை.

இரண்டு இரவுகள் ஓடியது. கல்யாண வீடியோவில் ஊர்வலப் பகுதி மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொல்லியும் வரவில்லை. இசைகுடிமானங்கள் அத்தனையும் திறந்தன. ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் அப்பச்சியின் கையெழுத்தை விரலால் தொடர்ந்து போனார். பழைய டிஸ்க்கின் மேல் ‘இனி மின்சாரம் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஊர்வலமும் வேண்டும் என்று முடிவு செய்தால், ஆய்வகத்துக்குப் போக வேண்டியது அதுதான்.