629 பின்கோடுக்கு எந்தப் பார்சல்காரர் சரி?

கன்னியாகுமரி மாவட்டத்துப் பின்கோடு எதுவானாலும் 629 என்றுதான் தொடங்கும். ஆன்லைன் கடையில் அந்த எண்ணைத் தட்டினால் ‘நாளை மறுநாள் கிடைக்கும்’ என்று காட்டும். நாகர்கோவில் வரைக்கும் அது பெரும்பாலும் நடக்கிற காரியம்தான். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இங்கே சரக்கு வந்து இறங்குவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். இழுத்தடிப்பெல்லாம் அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. நாகர்கோவில் குடோனிலிருந்து அருமனைப் பக்கம் ஒரு வீட்டு வாசலுக்கு யார் கொண்டு வருகிறார், வராவிட்டால் யார் முன்னால் போய் நின்று கேட்பது? இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் ஒவ்வொரு பார்சல்காரரையும் எடை போடுகிறேன். ‘எத்தனை மணி நேரத்தில் டெலிவரி’ என்ற விளம்பரத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் நம்ம ஊர் முகவரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாகர்கோவில் டவுனுக்குள் தெரு உண்டு, கதவு எண் உண்டு. கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களுக்குள் நுழைந்தால் வீடுகள் தோப்பும் தோட்டமுமாகத் தள்ளித் தள்ளிக் கிடக்கும். வீட்டுப் பெயர், ‘விளை’ என்று முடிகிற ஏதோ ஒரு இடப்பெயர், ஊர், போஸ்ட் என்பதுதான் முழு முகவரி. அதே பெயரில் இன்னொரு விளை அடுத்த ஊரிலும் இருக்கும். மேப்பில் வைத்த புள்ளியோ ரப்பர் தோட்டத்து நடுவில் போய் விழும். லேண்ட்மார்க் கேட்டால் குருசடி, அதாவது சிலுவை வைத்த சிறு கோவில், பக்கம் என்போம். குருசடி இல்லாத ஜங்ஷன் எது? அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. விளவங்கோட்டுக்காரனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ஆர்டர் போடும்போது அதைக் கேட்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, முதல் போட்டியாளர்: ஆன்லைன் கடைகள் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ நடத்துகிற டெலிவரி. டெலிவரிக்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை, வீட்டுக்கே வரும், ஆப்பில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தொந்தரவு எங்கே என்றால், ‘டெலிவரிக்கு முயன்றோம், வாடிக்கையாளர் இல்லை’ என்ற செய்தியில். ஒரு மிக்சி ஜாருக்காக நாள் முழுக்கத் திண்ணையில் இருந்தேன். போன் அடிக்கவில்லை, வண்டிச் சத்தம் கேட்கவில்லை. இருட்டின பிறகு நான் வீட்டில் இல்லை என்று எனக்கே குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் டெலிவரிப் பையன் கூப்பிட்டான். “அண்ணே, நேத்து நல்ல மழை, லோடும் கூட. ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க, நாளைக்குக் காலையில கண்டிப்பா கொண்டு தாறேன்.”

அவன்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஒரே கட்டிடத்தில் நாலு பார்சல் கொடுக்கிறவனும், மலையோரத்தில் ஒரே ஒரு பார்சலுக்காக ஏறி இறங்குகிறவனும் பார்சலுக்கு வாங்குவது ஏறத்தாழ ஒரே காசு. ராத்திரிக்குள் கையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் போட்டு முடித்தாக வேண்டும். ‘மழை, வழி தெரியவில்லை, நேரம் போதவில்லை’ என்று போட்டால் அவன் கணக்கில் குறை. ‘ஆள் இல்லை’ என்று போட்டால் நம் கணக்கில் குறை. எதை அமுக்குவான்? ஆனாலும் ஓ.டி.பி. மட்டும் பொருள் கைக்கு வராமல் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டதற்குச் சமம். அப்புறம் பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் நம் பேச்சு எடுபடாது.

இவர்களிடம் ஒரு நல்லதும் உண்டு. பொருள் வராமல் திரும்பிப் போனால் பணம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறது, ஏனென்றால் விற்றவரும் அனுப்பியவரும் ஒரே கூரைக்குக் கீழே. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இந்தக் கடைகள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும்; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே மிக்சி ஜார், செருப்பு, போன் கவர் என்று மறுபடி வாங்கக்கூடிய எதுவும் இந்த வழியில் வரட்டும்.

அடுத்து, நம்ம ஊர் கூரியர் ஆபீஸ். தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் என்று எந்த ஜங்ஷனிலும் ஒரு சின்ன அறை, தராசு, பின்னால் சாக்கு மூட்டைகள். பெரும்பாலும் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிறவர்கள். முகம் தெரியும், போன் எடுப்பார்கள், “சாயங்காலம் ஆறு மணி வண்டியில போயிரும்” என்று சொன்னால் போயும் விடும். அனுப்புவதற்கு இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்குவதில்தான் சிக்கல். புக்கிங்கில் வருகிற காசு டெலிவரியில் வராது. அதனால் ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தாலே “வந்து வாங்கிக்கிடுங்க” என்ற போன்தான் வரும். வீடு வரைக்கும் கொண்டு வருவதற்குச் சேர்த்துத்தான் அனுப்பியவர் காசு கொடுத்திருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், “பையன் லீவு” என்பார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு மருந்து அனுப்பும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது: எந்த ஊர் வரைக்கும் வீட்டு டெலிவரி, எந்த ஊருக்கு ஆபீஸில் வந்து எடுக்க வேண்டும்?

இன்னொன்று, ரசீது. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பொருள் தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு அற்பத் தொகையும் அங்கே இருக்கும். இது சும்மா அச்சடித்தது என்று நினைக்க வேண்டாம். பாரதி நிட்டிங் என்ற நிறுவனம் ஒரு கூரியர் கம்பெனிமேல் போட்ட வழக்கில், 1996-இல், அனுப்பியவர் கையெழுத்துப் போட்ட சீட்டில் 100 டாலர்தான் உச்சவரம்பு என்று இருந்ததால் அதற்கு மேல் நஷ்டஈடு கிடையாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜெர்மனிக்கு அனுப்பிய துணிகளுக்கான ஆவணங்கள் போய்ச் சேராததால் வந்த இழப்பு பல மடங்கு. அதனால் விலை உள்ள பொருள் என்றால் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லி, இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய சேவை. இதன் பலம் கம்ப்யூட்டரில் இல்லை, தபால்காரரிடம் இருக்கிறது. எந்த விளை, எந்த வீடு, அந்த வீட்டுப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்பது வரைக்கும் தெரிந்த மனிதர். தனியார் வண்டி தேடித் திரும்பிப்போன அதே முகவரிக்கு அவர் கேட்காமலே வந்து நிற்பார். ஆள் இல்லாவிட்டாலும் பார்சல் உடனே மதுரைப் பக்கம் திரும்பி ஓடாது. சீட்டு வைத்துவிட்டுப் போவார், போஸ்ட் ஆபீஸில் சில நாள் இருக்கும், நாமே போய் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எல்லாம் இந்த வழியில்தான் வருகிறது. வளைகுடாவில் ஆள் இருக்கிற நம்ம மாவட்டத்து வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பலவீனம்? கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் வேலை செய்கிற ஜி.டி.எஸ். (கிராமிண் டாக் சேவக்) ஊழியர்களுக்கு நாலைந்து மணி நேரம்தான் பணி. காலையில் வந்த பையைத் தவறவிட்டால் மறுநாள்தான். பெரிய பெட்டியை டூவீலரில் கட்டிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அந்த அக்டோபர் 1 முதல் கட்டணமும் மாறியது; கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் உரியவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையில் மட்டும் கொடுக்கும் பதிவு வசதி, இன்னொரு 5 ரூபாய்க்கு ஓ.டி.பி. வசதி. பத்திரம், சான்றிதழ் அனுப்புகிறவர் இந்தப் பத்து ரூபாயில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

நஷ்டஈட்டில் மட்டும் அரசாங்கம் தனியாரை விடத் தாராளம் என்று சொல்ல முடியாது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் துறைக்குப் பொறுப்பு விலக்குக் கொடுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்திலும் 10-ஆவது பிரிவு விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்றே சொல்கிறது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு: கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. 80 ரூபாய் கட்டி அனுப்பிய கைக்கடிகாரத்துக்கு 160 ரூபாய்! தொலைவது அபூர்வம் என்பதால் நான் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. நகை, விலை உயர்ந்த கருவி என்றால் இன்ஷூர் செய்யாமல் இங்கேயும் கொடுக்க மாட்டேன்.

கடைசியில், இந்த மாவட்டத்துக்காரர்கள் உண்மையில் அதிகம் நம்புவது பஸ்ஸை. தோவாளைப் பூவைக் கூரியரில் அனுப்பும் வியாபாரி கிடையாது. இரண்டு நாள் தாமதித்தால் சரக்கே இல்லை என்பதால் அவர்கள் பஸ்ஸையும் வேனையும் விடுவதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற மகனுக்கு நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் போக வேண்டும் என்றால் அம்மா முதலில் கேட்பது, “வடசேரியில இருந்து ராத்திரி வண்டி எத்தனை மணிக்கு?” என்றுதான். ஆம்னி பஸ்ஸில் போட்டால் விடிந்ததும் அங்கே. அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022-இலிருந்து பார்சல் ஏற்றுகிறார்கள். ஆனால் இரு முனையிலும் ஆள் வேண்டும். அதிகாலையில் மகன் எழுந்து போய் எடுக்கவில்லை என்றால் மூட்டை அடுத்த ஊர் டெப்போவில் கிடக்கும். டிரைவரிடம் கைச்செலவுக்குக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ரசீது இல்லாத அந்தப் பார்சல் தொலைந்தால் கேட்க நாதி இல்லை. ஆபீஸில் புக் செய்து, வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். கட்டில், அலமாரி அளவுக்குப் போனால் லாரி பார்சல் சர்வீஸ்தான் கட்டுப்படியாகும். எல்.ஆர். என்கிற லாரி ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, குடோன் டெலிவரியா டோர் டெலிவரியா என்று புக் செய்யும்போதே எழுதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இறக்குகூலி என்று கடைசியில் தனியாக ஒன்று முளைக்கும்.

ஆக, என் வீட்டு நடைமுறை: காகிதம் எல்லாம் ஸ்பீட் போஸ்ட். பலகாரமும் பழமும் பஸ். மார்த்தாண்டம் தேன் போலக் கசியக்கூடியது எதுவும் பிளாஸ்டிக் கேனில், அதுவும் பஸ்ஸில். கண்ணாடிப் பாட்டிலைக் கூரியர் ஆபீஸில் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள். தனியார் கூரியர், நகரத்திலிருந்து நகரத்துக்கு, அதுவும் அவசரத்துக்கு மட்டும். எதில் போட்டாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம். ஆனி மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே நமக்கு உண்டு.

பார்சல் சிக்கிக்கொண்டால் கஸ்டமர் கேர் எண்ணில் இசை கேட்டுக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அஞ்சல் என்றால் 1800 266 6868, பதில் இல்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் எழுத்தில் புகார். தனியார் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பல விஷயங்கள் அந்த மட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று செய்தி வந்த அன்றைக்கே போனில் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வராத அழைப்பை நிரூபிக்க வேறு சாட்சி கிடைக்காது.