தொலைவழி ஹேக் டே: எல்லாருக்கும் ஒரே நேரமா, அவரவர் பகலா?

பல நாடுகளில் இருப்பவர்கள் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து மென்பொருள் உருவாக்கும் ஹேக் டேயை எப்படி நடத்துவது? எல்லாரையும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் உட்கார வைப்பது ஒரு வழி. அவரவர் ஊர்க் காலை 9 மணிக்குத் தொடங்கி அவரவர் மாலையில் முடிப்பது இன்னொரு வழி.

முதலாவதில் உற்சாகம் அதிகம். சந்தேகம் கேட்டால் உடனே பதில் வரும், டெமோவும் நேரலையில் நடக்கும். ஆனால் யார் தூக்கம் கெடுவது? ஜூலையில் யூடிசி (உலகப் பொது நேரம்) 14:00க்கு ஆரம்பித்தால் லண்டனில் பிற்பகல் 3 மணி, சான் பிரான்சிஸ்கோவில் காலை 7, டோக்கியோவில் இரவு 11, ஆக்லாந்தில் மறுநாள் அதிகாலை 2. இதை "பொதுவான நேரம்" என்று அறிவிப்பவர் ஆக்லாந்துக்காரராக இருக்க வாய்ப்பில்லை!

இரண்டாவதில் தூக்கம் தப்பும். ஆனால் யூடிசி+14 (யூடிசியைவிட 14 மணி முன்னால்) முதல் யூடிசி−12 (12 மணி பின்னால்) வரை பார்த்தால் ஒரே தேதி உலகில் 50 மணி நேரம் நீடிக்கிறது. ஒருங்கிணைப்பாளர்கள் ஷிஃப்ட் போட்டே ஆகவேண்டும். பெரிய தலைவலி, பாதி வேலையை அடுத்த ஊர்க்காரரிடம் கைமாற்றுவதில்தான். "லாகின் பாதி முடிந்தது" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டால் அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவார்? எந்த பிராஞ்ச் (கோடின் எந்தத் தனிக் கிளை), எந்த டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, அடுத்து என்ன என்று மூன்று வரி வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. டெமோவைப் பதிவுசெய்த வீடியோவாக வாங்கிக்கொள்ளலாம். நேர வித்தியாசம் நாலைந்து மணிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலாவதுதான்.